காற்றின் பழைய ஏடு: ஆழ்கடல் அடையலில் காலநிலைச் சுழற்சிகளை வாசித்த கதை

உயர்தர வகுப்பில் பெரும்பொழுது ஆறையும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழும்பினான்.

"சேர், எங்கட ஊர்ல கச்சானையும் வாடையையும் விட்டா வேற ஒண்டும் இல்லையே. இந்த ஆறும் அந்தக் காலத்துல மெய்யாவே இருந்ததா, இல்லாட்டிப் புலவர்மார் எழுதினதா?"

பக்கத்தில் இருந்தவன் முந்திக்கொண்டான். "காலநிலை எப்பவும் மாறித்தான்டா வந்திருக்கு. இப்ப மட்டும் மாறுதெண்டு சத்தம் போடுறாங்க. அது இயற்கைட சுழற்சியாம், எங்கட வாப்பா சொன்னார்."

மணி அடித்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவன் நான்; புவியியலோ விஞ்ஞானமோ எனது பாடம் அல்ல. ஆனாலும் அந்தப் பிள்ளை சொன்னதில் பாதி சரி, மற்றப் பாதியில் ஏதோ பிசகு இருக்கிறது என்று மனதில் பட்டது. அந்தப் பிசகு எங்கே என்று தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேடலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மூத்தவாப்பா கல்முனைப் பக்கத்துக் கடற்கரையில் கரைவலைத் தோணி வைத்திருந்தவர். அவரிடம் ஒரு கணக்குக் கொப்பி இருந்தது. அரபுத் தமிழில் எழுதுவார். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கோடு, ஒவ்வொரு வருசமும் கச்சான் எழும்பிய நாளையும் வாடைமழை தொடங்கிய நாளையும் குறித்து வைப்பார். ஹிஜ்ரி மாதம் பருவத்தோடு நிற்காது, நகர்ந்துகொண்டே போகும் என்பதால் பக்கத்திலேயே இங்கிலீசுத் திகதியையும் போடுவார். அவர் மௌத்தான பிறகு வாப்பா அந்தக் கொப்பியை அலுமாரியில் வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் வந்தது. சில நாள் கழித்து நாங்கள் திரும்பிப் போனபோது கொப்பி ஒரு சேற்றுக்கட்டியாகக் கிடந்தது. ஊரே ஜனாஸாக்களை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு கொப்பியைப் பற்றி யார் பேசுவது? நாங்களும் பேசவில்லை.

காற்றுக்கு அதைவிடப் பழைய கொப்பி ஒன்று கடலுக்கு அடியில் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

எழுத்தில் உள்ள சாட்சி

இங்கிலீசில் 'மொன்சூன்' என்று சொல்லப்படுவது அரபு 'மௌசிம்' என்ற சொல்லிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகப் போனது. குறித்த காலம், பருவம் என்பது அதன் பொருள். எங்கள் மூதாதையரில் ஒரு பகுதியினரை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அந்த மௌசிம்தான். தென்மேற்குக் காற்றோடு கிழக்கே வந்து, வடகீழ்க் காற்றோடு மேற்கே திரும்பினார்கள். 15ஆம் நூற்றாண்டின் மாலுமி இப்னு மாஜித், எந்தத் துறைமுகத்திலிருந்து எந்த நாளில் பாய் விரிக்கலாம், எந்த நாட்களில் கடல் 'மூடியிருக்கும்' என்று கணக்கிட்டு எழுதினார். நைல் நதியின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கல்தூண், 861இல் கெய்ரோவின் ரௌளா தீவில் அமைக்கப்பட்டது. அங்கே பதியப்பட்ட அளவுகளை இன்றைய ஆய்வாளரும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

பெருமைப்பட வேண்டிய பதிவுகள்தான். ஆனால் இவற்றின் நீளம் ஆயிரத்துச் சொச்சம் வருடங்கள். இருபது ஆயிரம், நாற்பது ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் ஒரு மாற்றத்தை இந்த ஏடுகளில் பார்க்க முடியாது. ஒரு சுற்றில் ஒரு சிறு துண்டுதான் இவற்றில் அகப்படும்.

சேறு எப்படி ஏடாகிறது

கடலின் மேல்மட்டத்தில் ஃபொராமினிஃபெரா என்ற ஒருகல உயிர்கள் மிதந்து வாழ்கின்றன. பெரும்பாலும் மணல் மணி அளவுதான் இருக்கும். கல்சியம் காபனேற்றால் ஓடு கட்டிக்கொள்ளும். செத்ததும் ஓடு அடியில் போய்ப் படியும். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய 'சலஞ்சர்' கப்பல், ஆழ்கடலின் தரையில் பெரும் பரப்புகள் இந்த ஓடுகளால் ஆன சேறுதான் என்று காட்டியது. திறந்த கடலில் இந்தச் சேறு ஆயிரம் வருடத்துக்கு ஒரு சில சென்ரிமீற்றர் என்ற வேகத்தில் சேர்கிறது. பத்து மீற்றர் சேற்றுத் தூண் கிடைத்தால் சில இலட்சம் வருடம் கையில் கிடைத்த மாதிரி.

அந்தத் தூணைக் குழப்பாமல் எடுப்பதுதான் கஷ்டம். சின்ன வயதில் ஆற்றோரச் சேற்றில் பப்பாசிக் குழலைக் குத்தி இழுத்து விளையாடியவர்களுக்கு விளங்கும்: குழல் எவ்வளவு ஆழம் போனாலும் உள்ளே ஏறும் சேறு கொஞ்சம்தான், அதுவும் நசிந்துபோய்த்தான் ஏறும். சுவீடனின் பியோர்யே குல்லென்பேர்க் குழலுக்குள் ஒரு உந்தியை வைத்தார். குழல் கீழே இறங்கும்போது உந்தி கடலடி மட்டத்தில் நிற்கும். அந்த உறிஞ்சலினால் சேறு நசியாமல் குழலுக்குள் நிற்கும். 1947-48இல் 'அல்பட்ரோஸ்' கப்பலின் உலகப் பயணத்தில் பத்து மீற்றருக்கும் அதிகமான தூண்கள் இப்படி எடுக்கப்பட்டன. அமெரிக்காவின் லாமொன்ட் ஆய்வு நிலையத்தில் மொரிஸ் யூவிங் தன் கப்பல்களுக்கு ஒரு விதி வைத்திருந்தார்: எங்கே நின்றாலும் நாளுக்கு ஒரு தூண் எடுக்க வேண்டும். எதற்கு என்று அப்போது அவருக்கே முழுதாகத் தெரியாது. எடுத்து வைத்தால் பின்னால் வருபவர் வாசிப்பார் என்ற நம்பிக்கை.

காவலாளியும் கைதியும்

ஏடு இருந்தால் போதாது, அதில் எதைத் தேடுவது என்று தெரியவேண்டும். அந்தக் கேள்வி கடலில் பிறக்கவில்லை.

ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் குரோல் ஏழை வீட்டுப் பிள்ளை. தச்சு வேலை செய்தார், தேயிலைக் கடை வைத்தார், காப்புறுதி விற்றார், ஒன்றும் சரிவரவில்லை. 1859இல் கிளாஸ்கோவில் ஒரு கல்லூரியின் காவலாளி வேலை கிடைத்தது. அங்கே நூலகம் இருந்தது. அதில் உட்கார்ந்து தானாகவே படித்து, 1864இல் அவர் எழுதிய கட்டுரை இதைச் சொன்னது: சூரியனைச் சுற்றும் பூமியின் பாதை சில காலம் வட்டத்துக்குக் கிட்டவும் சில காலம் சற்று நீண்டும் மாறுகிறது, பனியுகங்கள் வந்து போவதற்கு அதுவே காரணம். 1876இல் ரோயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஆனால் கடைசிப் பனியுகம் முடிந்து சுமார் 80,000 வருடம் ஆகிறது என்ற அவரது கணக்கு நிலத்தில் கிடைத்த சான்றுகளோடு பொருந்தவில்லை. மெல்ல மெல்ல அவரை மறந்துபோனார்கள்.

அடுத்தவர் சேர்பியர் மிலுட்டின் மிலன்கோவிச். 1914இல் யுத்தம் தொடங்கியபோது ஒஸ்ரியா-ஹங்கேரி அவரைக் கைதுசெய்தது. பிறகு புடபெஸ்ட் நகரை விட்டு வெளியேறாமல் இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு விட்டார்கள். அங்குள்ள விஞ்ஞானக் கழகத்தின் நூலகத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தார். அவர் கணக்கிட்ட அசைவுகள் மூன்று. பாதையின் நீட்சி சுமார் 100,000 வருடத்தில் மாறுகிறது. அச்சின் சரிவு சுமார் 41,000 வருடத்தில் 22 பாகையிலிருந்து 24½ பாகை வரை போய்த் திரும்புகிறது. பம்பரம் தலையாட்டுவதுபோல அச்சு தலையாட்டுவதால், பூமி சூரியனுக்குக் கிட்ட வரும் நேரம் எந்தப் பருவத்தில் விழுகிறது என்பது சுமார் 23,000, 19,000 வருடக் கணக்கில் மாறுகிறது. வடக்கில் கோடை வெயில் குறைந்தால் மாரியில் விழுந்த பனி உருகாமல் மிஞ்சும். மிஞ்சியது சேர்ந்து சேர்ந்து பனியுகமாகும் என்றார். முழுக் கணக்கும் 1941இல் நூலாக அச்சாகிக்கொண்டிருந்தபோது பெல்கிரேட் மீது குண்டு விழுந்து அச்சகம் அழிந்தது. தப்பிய தாள்களோடு அழிந்த பக்கங்களைத் திரும்ப அச்சிட்டு நூலை முடித்தார்கள். 1958இல் அவர் காலமானபோதும் விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் அவரை நம்பவில்லை.

ஓட்டில் எழுதிய கணக்கு

ஒட்சிசனில் பாரம் குறைந்த 16, பாரம் கூடிய 18 என்ற சமதானிகள் உண்டு. பாரம் குறைந்த ஒட்சிசனைக் கொண்ட நீர் கொஞ்சம் இலகுவாக ஆவியாகும். வழமையாக அது மழையாகி ஆற்று வழியே கடலுக்குத் திரும்பிவிடும். பனியுகத்தில் அது பனிக்கட்டியாக நிலத்தில் தங்கிவிடுவதால் கடலில் ஒட்சிசன் 18இன் விகிதம் கூடுகிறது. கடல்நீரின் ஒட்சிசனைக் கொண்டு ஓடு கட்டும் உயிர் அந்த விகிதத்தையும் ஓட்டில் எழுதிவைக்கிறது. நீர் குளிர்ந்தாலும் ஓட்டில் 18 கூடும்.

1955இல் சிக்காகோவில் இருந்த சேசரே எமிலியானி ஓடுகளை வரிசையாக அளந்து, சூடும் குளிரும் பல தடவை மாறி மாறி வந்திருப்பதைக் காட்டினார். நான்கு பனியுகங்கள் மட்டுமே இருந்தன என்ற பழைய பாடம் அதோடு ஆட்டம் கண்டது. அவர் அந்த மாற்றத்தின் பெரும்பகுதியைக் கடல்நீரின் வெப்பநிலை என்று வாசித்தார். 1967இல் கேம்பிரிட்ஜின் நிக்கலஸ் ஷக்கிள்டன் அந்த வாசிப்பைத் திருத்தினார். அவர் மேல்மட்டத்து ஓட்டோடு ஆழ்கடலின் தரையிலேயே வாழும் உயிர்களின் ஓட்டையும் எடுத்தார். அந்த ஆழத்தில் நீர் எப்போதுமே உறைநிலைக்குக் கிட்டத்தான் இருக்கும். அதற்குமேல் குளிர இடமில்லை. ஆனாலும் அதே ஏற்ற இறக்கம் அங்கும் தெரிந்தது. அப்படியானால் ஓடு பெரும்பாலும் சொல்வது உலகில் எவ்வளவு நீர் பனியாக இருந்தது என்பதைத்தான்.

எனக்கு இது நம்முடைய பதிப்பாசிரியர்கள் செய்த வேலையாகவே தெரிந்தது. ஒரே அடியைச் சார்பில்லாத இரண்டு சுவடிகளில் வைத்துப் பார்த்து, எது ஏடு எழுதியவரின் பிழை, எது மூலம் என்று தீர்ப்பதுபோலத்தான்.

பனி நிலத்தில் குவிந்தால் கடல் வற்றும். சுமார் 21,000 வருடத்துக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவில் கீழே இருந்தது. பாக்கு நீரிணை அப்போது தரை. இலங்கை ஒரு தீவாகவே இருக்கவில்லை.

சேறு வயதையும் சொல்லவேண்டும். பூமியின் காந்தப்புலம் கடைசியாகத் தலைகீழாக மாறியது சுமார் 780,000 வருடத்துக்கு முன்பு. அந்த மாற்றம் எரிமலைப் பாறையிலும் பதிந்திருக்கிறது, கடற்சேற்றிலும் பதிந்திருக்கிறது. 1973இல் ஷக்கிள்டனும் நீல் ஒப்டைக்கும் பசுபிக் தூண் ஒன்றில் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தார்கள். ஏட்டில் ஒரு திகதி கிடைத்துவிட்டது.

இரண்டு குறைப்பிரதிகள்

மிலன்கோவிச்சின் கணக்கைச் சோதிக்க, போதுமான வேகத்தில் படிந்த, போதுமான நீளமான ஒரு தூண் தேவைப்பட்டது. லாமொன்ட்டின் களஞ்சியத்தில் ஜேம்ஸ் ஹேய்ஸ் தேடினார். கிடைத்தது எங்கட இந்து சமுத்திரத்தின் தென்கோடிச் சேறு. ஒன்று 'ரொபேர்ட் கொன்ராட்' கப்பல் எடுத்த தூண். அதன் மேற்பகுதி நன்றாக இருந்தது, ஆனால் தேவையான பழைமை இல்லை. மற்றது 'எல்டானின்' கப்பல் எடுத்தது. அது பழைமைக்குப் போனது, ஆனால் தலைப்பகுதி இல்லை. முதலேடு இல்லாத பிரதியையும் கடையேடு இல்லாத பிரதியையும் பொதுவான பாடத்தில் பொருத்தி முழுநூல் ஆக்குவதுபோல இரண்டையும் இணைத்தார்கள். சுமார் 450,000 வருடம் தொடர்ச்சியாகக் கிடைத்தது.

ஹேய்ஸ், ஜோன் இம்ப்ரி, ஷக்கிள்டன் மூவரும் 1976 டிசம்பர் 10 அன்று 'சயன்ஸ்' சஞ்சிகையில் முடிவை வெளியிட்டார்கள். சேற்றில் திரும்பத் திரும்ப வந்த காலச் சுற்றுகள் சுமார் 100,000, 42,000, 23,000, 19,000 வருடங்கள். நூலகத்தில் இருந்த கைதி காகிதத்தில் போட்ட கணக்கு, அவர் கண்டே இராத கடலின் அடியில் எழுதியிருந்தது. 100,000 வருடச் சுற்று ஏன் அவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதில் இன்றும் விவாதம் உண்டு. ஆனால் பனியுகங்களின் தாளம் பூமியின் அசைவில் இருக்கிறது என்பதை அதன்பின் யாரும் இலேசாக மறுக்கவில்லை.

கச்சானின் கணக்கு

இனி எங்கட காற்றுக்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, எங்கட கிழக்குக் கரைக்கு வறண்ட கச்சானாக வருகிறது. அதே காற்று ஓமான் கரையோரம் வீசும்போது மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகிறது. அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த, போசணை நிறைந்த நீர் மேலே வருகிறது. குளோபிஜெரினா புல்லொய்டெஸ் என்ற உயிர் குளிர்ந்த கடலுக்குரியது. வெப்பக் கடலான அரபிக்கடலில் அது பெருகுவது இந்த நீர் மேலே வரும்போதுதான். காற்று வலுத்தால் அதன் ஓடு கூடும், தளர்ந்தால் குறையும். அதை எண்ணினால் காற்றின் வலு தெரியும். ஓமான் கரையோரத்தில் சேறு வேகமாகப் படிகிறது. சில ஆழங்களில் நீரில் ஒட்சிசன் மிகக் குறைவு என்பதால் சேற்றைக் கிளறும் புழுக்களும் குறைவு. செல்லரிக்காத ஏடு என்று சொல்லலாம்.

1987இல் 'ஜொய்டிஸ் ரெசொலூசன்' என்ற துளையிடும் கப்பல் அங்கே தூண்களை எடுத்தது. அந்த எண்ணிக்கைகள் சொல்வது இதுதான்: சுமார் 9,000 வருடத்துக்கு முன் தென்மேற்குக் காற்று இன்றையதைவிட வலுவாக வீசியது, அதன்பின் ஏறி இறங்கி, மொத்தத்தில் தளர்ந்து வந்தது. காரணமும் அந்தத் தலையாட்டம்தான். இப்போது பூமி சூரியனுக்குக் கிட்ட வருவது ஜனவரியில். அப்போது வடக்கின் கோடையில். ஜோன் குட்ஸ்பாக் 1981இல் கணக்கிட்டபடி அன்றைய வடகோளக் கோடை வெயில் சுமார் 7 சதவீதம் அதிகம். நிலம் கூடச் சூடாகி, கடற்காற்றைக் கூட இழுத்தது. இன்று வெறும் மணலாகக் கிடக்கும் ருப்அல்காலியில் அப்போது ஏரிகள் இருந்தன. ஓமானின் தோபார் பகுதியிலுள்ள குன்ஃப் குகையின் சுண்ணாம்புப் படிவும் இதே தளர்ச்சியைக் காட்டுகிறது. மறுபடியும் இரண்டு சாட்சிகள்.

அதே கப்பல் 2015இல் எங்கட கொழும்புத் துறைமுகத்துக்கே வந்தது. மார்ச் இறுதியில் வங்காள விரிகுடா வேலையை முடித்துக்கொண்டு வந்து, இங்கிருந்து அரபிக்கடலுக்குப் போனது. நவம்பர் இறுதியில் மாலைதீவிலிருந்து மறுபடி வந்தது. மாலைதீவுச் சேற்றிலிருந்து, இன்றைய வடிவிலான பருவக்காற்று சுமார் 1 கோடியே 29 இலட்சம் வருடத்துக்கு முன் தொடங்கியது என்று ஆய்வாளர் முடிவுகட்டினார்கள். மூத்தவாப்பா கொப்பியில் குறித்த காற்றின் பிறப்புப் பதிவு கொழும்புக்கு வந்து போயிருக்கிறது. நான் அறியவில்லை.

ஒரு எச்சரிக்கை

வரலாறு எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு கவனமும் தேவை. ஓமான் குடாவின் சேற்றுத் தூண் ஒன்றில், சுமார் 4,000 வருடத்துக்கு முந்திய அடுக்கில் ஈராக் பக்கத்துத் தூசி திடீரென்று கூடுகிறது. சுமார் 300 வருடம் நீடித்த வறட்சியின் அடையாளம் அது என்று 2000இல் வெளியான ஆய்வு சொன்னது. அக்காத் பேரரசு சரிந்ததும் அதையொட்டிய காலத்தில்தான். வறட்சிதான் அக்காத்தை அழித்தது என்று உடனே சொல்லிவிட ஆசை வரும். தொல்லியலாளர் பலர் அதை ஏற்பதில்லை. அதே வறட்சியைச் சில ஊர்கள் தாங்கி நின்றன. மழை எப்போது நின்றது என்று சேறு சொல்லும். அரசன் என்ன செய்தான், களஞ்சியத்தை யார் பூட்டினார் என்று சொல்லாது. அது நமது வேலை.

மாணவனுக்குப் பதில்

அடுத்த தவணையில் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்: "வாப்பா சொன்னதுல பாதி சரி மகன். சுழற்சி இருக்கு. அதுக்கு மணிக்கூடும் இருக்கு. மணிக்கூடு இருக்கிறதாலதான் இப்ப நேரம் என்னெண்டு பார்க்க ஏலும்."

அந்த மணிக்கூட்டின்படி பார்த்தால், கடந்த பல ஆயிரம் வருடமாக வடக்கின் கோடை வெயில் குறைந்து வருகிறது. மனிதனின் செயலைக் கணக்கில் எடுக்காவிட்டால் இனிவரும் சில ஆயிரம் வருடப் போக்கு பனியை நோக்கியதே என்று 1976ஆம் ஆண்டுக் கட்டுரையே சொல்லியிருந்தது. அந்தக் குளிர் இன்னும் பல்லாயிரம் வருடம் தள்ளிப்போகலாம் என்று பிந்திய கணிப்புகள் கூறுகின்றன. எந்தக் கணிப்பிலும் இன்றைய வேகத்தில் உலகம் சூடாவதற்கு அந்த அசைவுகளில் இடமில்லை. துருவப் பனியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளின்படி, கடந்த 800,000 வருடத்தில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்துக்கு 180 முதல் 300 வரைதான் ஏறி இறங்கியது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. பனியுகம் முடிந்தபோது ஆயிரக்கணக்கான வருடங்களில் ஏறிய அளவைவிட அதிகமாக, கைத்தொழில் யுகம் தொடங்கி முந்நூறு வருடம் ஆகுமுன் நாம் ஏற்றியிருக்கிறோம். ஆகவே 'முந்தியும் மாறியது' என்பது நிம்மதிக்கான காரணம் அல்ல. வெயிலில் சிறு வித்தியாசத்துக்கே ஏரி மணலாகும், கடல் 120 மீற்றர் இறங்கும் என்றால், இந்த உலகம் எவ்வளவு இலேசாகத் தட்டுப்படக்கூடியது என்பதுதான் அதன் பொருள். கடலுக்கும் களப்புக்கும் நடுவில் வீடு கட்டியிருக்கும் நாங்கள் இதை விளங்காமல் இருக்க முடியாது.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இந்த வருசம் கச்சான் எப்ப எழும்பினதெண்டு யாராவது எழுதி வெச்சிருக்காங்களா சேர்?" என்று கேட்டான். வளிமண்டலவியல் திணைக்களத்தில் இருக்கும் என்றேன். "எங்கட ஊர்ல?" என்றான். இல்லை.

இப்போது வகுப்பில் ஒரு கொப்பி இருக்கிறது. இரண்டு வருடம் எழுதியாகிவிட்டது. சேறு சொல்வது ஆயிரம் வருடக் கணக்கு; ஒரு ஊரில் ஒரு வருடத்தில் காற்று எழும்பிய நாளை மனிதன்தான் எழுதவேண்டும். இந்தச் சஞ்சிகையின் வாசகர்களிடம் என் வேண்டுகோளும் அதுவே. உங்கள் வீடுகளில், பள்ளிவாசல் பெட்டகங்களில், பழைய கடைகளின் பரணில் அரபுத் தமிழிலோ தமிழிலோ எழுதிய கணக்குக் கொப்பிகள் இருக்கலாம். வலைக் கணக்கு, வயல் கணக்கு, தோணி புறப்பட்ட நாள், மழை தவறிய வருசம், மழை கேட்டுத் தொழுத நாள். கிழித்து எறியுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். படம் பிடித்தாவது வையுங்கள். எங்கட வீட்டில் இருந்த ஒன்று போய்விட்டது.